அக்காவின் காசும் என் வயிறும்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு மனிதர்தான் என்னிடம் கடன் கேட்டிருக்கிறார். வேறு எவரும் கேட்டதில்லை. தெருவில் நின்று சில்லறை கேட்பவர்கள்கூட என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பி, எனக்குப் பின்னால் வருகிறவரிடம் கையை நீட்டுவார்கள். (ஒருமுறை ரயில் நிலைய வாசலில் இருந்த ஒருவர் என்னைக் கூப்பிட்டு, தன் கோப்பியில் பாதி தரட்டுமா என்று கேட்டார். வாங்கிக் குடித்தேன். நல்ல கோப்பி.)

எட்டாம் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஊரை விட்டு வெளிக்கிட்டவன் நான். பிறகு எங்கேயும் நிலையாக இருந்ததில்லை. கொழும்பு, மொஸ்கோ, ஜேர்மனியில் ஒரு முகாம், மொன்றியலில் பாத்திரம் கழுவல், கல்கரியில் கூரை வேலை, ரொறன்ரோவில் கிடைத்த வேலை எல்லாம். எனக்குப் பிடிக்காமல் நான் விட்ட வேலைகள் பாதி, என்னைப் பிடிக்காமல் என்னை விட்ட வேலைகள் பாதி. காலையில் எழுந்து ஒரே பஸ்ஸில் ஒரே இடத்துக்குப் போகத் தொடங்கினால், மூன்றாம் மாதம் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும்.

இத்தனை அலைச்சலிலும் ஒன்று மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. கனடா வந்த புதிதில் திறந்த பாங்க் கணக்கு. அதில் காசு இருந்ததில்லை, கணக்கு மட்டும் இருந்தது. அதில்தான் ராஜி அக்கா கண் வைத்தாள்.

அக்கா எனக்கு ஒரே கூடப்பிறந்தவள். ஸ்காபரோவில் கேக் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. ஒரு நாள் அவளுடைய அப்பாட்மென்ற் பல்கனிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"டேய், உன்ர பாங்க் அக்கவுன்ற் இன்னும் உயிரோட இருக்கே?"

"இருக்கு. ஏன்?"

"மாதம் மாதம் நான் கொஞ்சம் போடப்போறன். நீ தொடக்கூடாது. அத்தானுக்குத் தெரியவும் கூடாது."

"என்ர கணக்கிலயோ? உனக்கு விசரே அக்கா?"

"உன்னட்டக் காசு இருக்கெண்டு ஒருத்தரும் கனவிலயும் நினைக்காயினம். உதைவிடப் பாதுகாப்பான இடம் இந்த நாட்டிலயே இல்லை."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உண்மையில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. யாராவது என்னை எதற்காவது தகுதியானவன் என்று சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது.

அத்தானைப் பற்றித் தவறாக எண்ணிவிடக்கூடாது. மகேன் அத்தான் மிசிசாகா விமான நிலையத்தில் ரக்ஸி ஓடுகிறவர். குடி இல்லை, சூது இல்லை. (குடித்தால்கூடப் பரவாயில்லை, அதுக்கொரு அளவிருக்கும் என்பாள் அக்கா.) அவருக்கு இருந்த ஒரே வியாதி, யாராவது கேட்டால் இல்லையென்று சொல்லத் தெரியாது. வீடு வாங்க அவர்கள் இரண்டு முறை காசு சேர்த்திருந்தார்கள். முதல் முறை சேர்த்தது ஒரு நண்பர் கொத்துரொட்டிக் கடை போடப் போனது. கடை மூடிய பிறகும் 'விரைவில் திறக்கப்படும்' என்ற பலகை அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது முறை சேர்த்தது அந்த நண்பருடைய நண்பருக்குப் போனது. அந்த மனிதரை அத்தான் நேரில் பார்த்ததுகூட இல்லை. ரெலிபோனில் அழுதாராம்.

மூன்றாவது முறை அக்கா என்னிடம் வந்தாள். அஜக்ஸ் நகரில் வீடு, பின்னால் கொஞ்சம் புல், கறிவேப்பிலை மரத்தைக் கோடையில் வெளியே வைக்க ஓர் இடம். அவள் கேட்டது அவ்வளவுதான். சில வருடங்களாகச் சத்தம் போடாமல் காசு என் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. நான் தொடவில்லை. அது என் காசு என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. என் கணக்கு, அக்காவின் காசு. இதில் விளங்கிக்கொள்ள என்ன இருக்கிறது?

அந்த இலையுதிர் காலத்தில் நான் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை செய்தேன். சம்பளம் கையில் தருவார்கள், கடதாசி ஒன்றும் இல்லை. ஒரு பிரிஜ்ஜை மாடிப்படியால் இறக்கும்போது மேலே பிடித்திருந்தவனுக்குத் தும்மல் வந்தது. பிரிஜ் தப்பிவிட்டது. என் தோள்பட்டை தப்பவில்லை. முதலாளி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, "சுகமானதும் போன் எடு" என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் போன் நம்பரை மாற்றிவிட்டார். அப்போது ரெக்ஸ்டேலில் ஒரு பேஸ்மென்ற் அறையில் இருந்தேன். வாடகை கொடுக்க வழியில்லை. வேலை இல்லாதவர்களுக்கு அரசாங்கம் உதவிப் பணம் தரும் வெல்ஃபெயருக்குப் போன் எடுத்தேன்.

"உங்களிடம் சேமிப்பு ஏதாவது உண்டா?" என்று கேட்டார்கள்.

"இல்லை" என்றேன். சத்தியமாக, அக்காவின் காசு அந்த நேரத்தில் என் ஞாபகத்திலேயே இல்லை. பாங்க் ஸ்ரேற்மென்றுகளை எடுத்துக்கொண்டு நேர்முகத்துக்கு வரச் சொன்னார்கள். பாங்குக்குப் போய், மெஷினில் மீதியைப் பார்த்தபோதுதான் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இருபதாயிரம் டொலருக்கு மேலே. வெல்ஃபெயர் கேட்கப் போகிறவனுடைய கணக்கு அது.

பக்கத்து அறையில் பற்றிக் என்று ஓர் அண்ணை இருந்தார். மன்னார்க்காரர், எதற்கும் பதில் வைத்திருப்பவர். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"உதுக்கேன் தம்பி பயப்பிடுறாய்? காசு கணக்கில இருந்தால்தானே கேள்வி? எடுத்துப்போட்டு, பேந்து ஸ்ரேற்மென்றை அடி. கணக்கில ஒண்டுமில்லை. முடிஞ்சுது கதை."

"பிடிச்சிட்டா?"

"எதைப் பிடிக்கிறது? இல்லாத காசையோ?"

அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிய மூளையாகத் தெரிந்தது. (பற்றிக் அண்ணை பிறகொருமுறை தன்னுடைய வரி விஷயத்துக்கும் இதே மூளையைப் பாவித்தார். அது வேறு கதை, சோகமான கதை.) நேர்முகத்துக்கு முதல் நாள் பாங்குக்குப் போய் எல்லாவற்றையும் காசாகக் கேட்டேன். மனேச்சர் வந்து என்னைப் பார்த்தார், கணக்கைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். யாராவது உங்களை மிரட்டுகிறார்களா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை, அக்காவின் காசு என்றேன். அவருடைய முகம் இன்னும் கவலையானது.

இனி அந்தக் காசை எங்கே வைப்பது? என் அறைக் கதவுக்குப் பூட்டு இல்லை. மேல்மாடிக் குடும்பம் உடுப்புத் தோய்க்க என் அறைக்குள்ளால்தான் மெஷினுக்குப் போவார்கள். யோசித்துப் பார்த்து, என்னைத் தவிர வேறு பாதுகாப்பான இடம் இல்லை என்ற முடிவுக்கு வந்தேன். காலையில் நோட்டுக் கட்டுகளை ஒரு பழைய சால்வைக்குள் வைத்து வயிற்றைச் சுற்றிக் கட்டினேன். மேலே பெனியன், அதற்கு மேலே சுவெற்றர், அதற்கு மேலே குளிர்கால ஜக்கெற், கழுத்துவரை சிப். தோளிலிருந்து கையைத் தொங்கவிட்ட கட்டு வேறு. கண்ணாடியில் பார்த்தால் ஏழு மாதம்.

பஸ்ஸுக்குப் போகலாமென்று வெளியே வந்தால், வாசலில் அத்தானுடைய ரக்ஸி நிற்கிறது.

"ஏறு மச்சான். அக்கா சொன்னவ, இண்டைக்கு உனக்கு வெல்ஃபெயர் இன்ரர்வியூ எண்டு. உன்ர இங்கிலீசோட நீ தனியப் போனால் உள்ள காசையும் அவைக்குக் குடுத்திட்டு வருவாய்."

அக்காவுக்கு நேர்முகம் பற்றித் தெரியும். ஸ்ரேற்மென்ற் கேட்டார்கள் என்பது தெரியாது. நான் சொல்லவில்லை, சொன்னால் பேச்சு விழும். அவள் நல்லெண்ணத்தில் அத்தானை அனுப்பியிருந்தாள். உலகத்தில் எந்த மனிதரிடமிருந்து அந்தக் காசை ஒளிக்க வேண்டுமோ, அவருக்குப் பக்கத்தில், அந்தக் காசைக் கட்டிக்கொண்டு, சீற் பெல்ற்றை வயிற்றுக்கு மேலாக இழுத்துப் போட்டுக்கொண்டு போனேன்.

"உடம்பு வைச்சிட்டாய்" என்றார் அத்தான். "வேலை இல்லாட்டி உப்பிடித்தான் மச்சான். நடக்கவேணும்."

வெல்ஃபெயர் கந்தோரில் வெப்பத்தைத் தாராளமாக விட்டிருந்தார்கள். நான் உட்காருவதும் எழும்புவதுமாக இருந்தேன். உட்கார்ந்தால் காசுக் கட்டு மேலே ஏறியது, எழும்பினால் கீழே இறங்கியது. நெற்றியால் வியர்வை ஓடியது.

"ஜக்கெற்றைக் கழட்டு."

"குளிருது அத்தான்."

"குளிருதோ? முகத்தில தண்ணி ஓடுது. காய்ச்சலே?" என்று என் கழுத்தில் கையை வைத்துப் பார்த்தார். அவர் கை கீழே வராதபடி நான் எழும்பி, சுவரில் இருந்த நோட்டீஸ்களை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினேன். பிரெஞ்சில் இருந்தவற்றையும் வாசித்தேன்.

எங்களைக் கூப்பிட்ட அலுவலரின் பெயர் டோரீன். கரீபியன் தீவொன்றிலிருந்து வந்த, நரைத்த தலைமுடியுள்ள, அவசரம் இல்லாத பெண். தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் போனில் எடுக்கட்டுமா என்று கேட்டார். அத்தானுக்கு அது அவமானமாகப் போய்விட்டது.

"நோ நீட். ஐ ஆம் ஹிஸ் அத்தான்" என்றார்.

டோரீன் ஸ்ரேற்மென்றை வாங்கிப் பார்த்தார். மீதி ஒன்பது டொலர் சொச்சம். நான் கம்பீரமாக நிமிர்ந்து இருந்தேன். ஸ்ரேற்மென்ற் என்பது மீதியை மட்டும் காட்டும் ஒரு கடதாசி என்றே நானும் பற்றிக் அண்ணையும் நம்பியிருந்தோம். மற்ற வரிகளும் அதில் இருக்கும் என்பது எட்டாம் வகுப்பில் சொல்லித்தரப்படவில்லை. டோரீனுடைய பேனை மெதுவாக மேலே போய், முதல் நாள் எடுத்த தொகையின் மேல் நின்றது.

"இந்தக் காசு எங்கே?" என்று கேட்டார்.

அத்தான் எட்டிப் பார்த்தார். "என்ன மச்சான் இது? பாங்குக்காரர் பிழையாப் போட்டிட்டினமோ?"

என் கை தானாகவே வயிற்றைத் தொட்டது.

அத்தான் உடனே டோரீன் பக்கம் திரும்பினார். "ஹீ ஏற் இற்" என்றார். சாப்பிட்டுவிட்டானாம்.

டோரீன் தொகையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நேற்றிலிருந்தா?"

பொய் சொல்ல எனக்கு எப்போதும் ஆசை இருந்திருக்கிறது, திறமைதான் இருந்ததில்லை. ஒற்றைக் கையால் சிப்பைக் கீழே இழுத்து, சுவெற்றரை மேலே தூக்கினேன். சால்வை ஏற்கெனவே தளர்ந்திருந்தது. இருபது டொலர்த் தாள்களின் ஓரங்கள் ஒரு பக்கத்தால் எட்டிப் பார்த்தன. ஒரு கட்டு நழுவி என் மடியில் விழுந்தது.

டோரீன் எழும்பிக் கதவைச் சாத்தினார்.

"சேர்," என்றார் டோரீன், "தயவுசெய்து ஜக்கெற்றை மூடுங்கள்."

பிறகு மிகவும் நிதானமாகக் கேட்டார். "இது யாருடைய காசு?"

அந்தக் கேள்வி எனக்கு நேராகவே விளங்கியது. அத்தான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அவர் மொழிபெயர்க்கும் நிலையிலும் இல்லை, வாயைத் திறந்தபடி என் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் காசு என்று சொன்னால் என் வாடகைக்கு வழி பிறக்கலாம். ஆனால் அதைச் சொன்ன கணத்தில் அஜக்ஸ் வீடு அத்தானுடைய நண்பர்களுக்குப் பங்கு போய்விடும்.

"என்ர காசு" என்றேன். "மைன்."

டோரீன் பேனையை வைத்தார். இவ்வளவு காசு இருந்தால் உதவி கிடைக்காது என்றார். நேர்முகத்துக்கு முதல் நாள் எடுத்தது இன்னும் கூடாது, அது ஒளிக்கிற மாதிரி இருக்கும் என்றார். பிறகு அத்தானை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, பிள்ளைக்குச் சொல்லுவதுபோலச் சொன்னார். "குடும்பங்களில் ஒருவருக்காக இன்னொருவர் காசு வைத்திருப்பது உண்டு. உங்கள் பெயரில் இருந்தால் அது உங்களுடையது என்றுதான் நாங்கள் எடுப்போம். வேறொருவருடையது என்றால் அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அந்த ஆள் வர வேண்டும், காசு எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். அடுத்த கிழமை இன்னொரு நேரம் தருகிறேன். யோசித்துவிட்டு வாருங்கள்."

ரக்ஸியில் ஏறினோம். பேச்சு விழப்போகிறது என்று காத்திருந்தேன். இத்தனை வருடம் இந்த மனிதருடைய வீட்டில் சோறு தின்றிருக்கிறேன், இவர் கொடுத்த பஸ் காசில் வேலை தேடியிருக்கிறேன், இந்த ஜக்கெற்கூட இவர் தந்தது. பின்ச் வீதியில் திரும்பும்போது பார்த்தால், அவருடைய கண் கலங்கியிருந்தது.

"மச்சான்," என்றார், "நீ முன்னேறிட்டாய்."

"அத்தான்..."

"நான் உன்னை என்னவோ எண்டு நினைச்சனான். சத்தமில்லாமல் சேர்த்திருக்கிறாய். ஆம்பிளை!" என்று என் நல்ல தோளில் தட்டினார். கொஞ்சத் தூரம் போனோம். பிறகு தொண்டையைச் செருமினார். "எங்கட யோகன் தெரியும்தானே? ட்ரக் வைச்சிருக்கிறவன். இஞ்சின் பழுதாப் போட்டுது. பாவம், மூண்டு பிள்ளையள். ஒரு பதினைஞ்சாயிரம் இருந்தால்... ரெண்டு கிழமையில திருப்பித் தந்திடுவான். நான் பொறுப்பு."

நான் மேலே சொன்ன அந்த ஒரே ஒரு மனிதர் இவர்தான். கடன் கேட்கப்படும்போது மனிதனுக்கு எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். நெஞ்சு விரிந்தது. ஒரு கணம், சத்தியமாக, கொடுத்துவிடலாம் என்றுகூட வாய்வரை வந்தது. அந்த வாயைப் பார்த்து நானே பயந்துபோனேன். சிவப்பு விளக்கில் ரக்ஸி நின்றதும் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடினேன்.

"டேய்! மச்சான்! பன்னிரண்டெண்டாலும் பரவாயில்லை!" என்று பின்னால் கேட்டது.

வந்த பஸ்ஸில் ஏறினேன். இரண்டு பஸ் பிடித்து, நகரத்தின் மேற்கு முனையிலிருந்து கிழக்கு முனைக்கு, ஒரு கையால் கம்பியையும் மறு கையின் முழங்கையால் வயிற்றையும் பிடித்தபடி போனேன். ஒரு சீன அம்மா என் வயிற்றைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், குழம்பிப்போய் எழும்பி இடம் கொடுத்தார்.

அக்கா தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில், தலையில் வலைத்தொப்பியோடு இருந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"பொறு," என்றாள். "அரசாங்கக் கந்தோரில, என்ர மனிசன் மொழிபெயர்க்க, என்ர காசை உன்ர காசெண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கிறாய்."

"அத்தானுக்குத் தெரியக்கூடாதெண்டு நீதானே..."

"வயித்தில கட்டிக்கொண்டு போகச் சொல்லி நானோ சொன்னனான்?"

"அறைக்குப் பூட்டில்லை அக்கா."

"உன்ர தலைக்குத்தான் பூட்டில்லை." வலைத்தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "வெல்ஃபெயர் இல்லாட்டி நீ வாடகைக்கு என்ன செய்வாய்?"

"கல்கரிக்குப் போவன்."

"ஒரு கையோடயோ? கூரையிலயோ?"

அக்கா வலைத்தொப்பியை மடித்து, விரித்து, திரும்ப மடித்தாள். அவளிடம் இருந்தது இரண்டே வழி. வாயை மூடினால் தம்பி தெருவுக்கு வருவான், காசும் கடதாசியில் அவனுடையதாகவே நிற்கும். திறந்தால் வீட்டுக் கனவை அத்தானுடைய கையில் வைத்துக் கொடுக்க வேண்டும். இதற்கிடையில் என் போன் அடித்தது. யோகன். தெரியாத ஒருவருக்கு உதவ முன்வந்த என் பெரிய மனதுக்கு முன்கூட்டியே நன்றி சொன்னார். அக்கா போனைப் பறித்து அணைத்தாள்.

"காசைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலயே திருப்பிப் போடு. அந்தப் பொம்பிளை திரும்ப வரச்சொன்னவதானே? எல்லாரும் போவம்."

"அத்தானுமோ?"

"அவர் இல்லாமலோ? கார் ஆர் ஓடுறது?"

(பாங்க் மனேச்சர் அடுத்த நாள் என்னைக் கண்டதும் எழும்பி நின்றார்.)

அடுத்த கிழமை மூவரும் போனோம். மனிசி ஏன் வருகிறாள் என்று அத்தானுக்கு விளங்கவில்லை. சாட்சிக்கு என்றாள் அக்கா. வழி முழுதும் வாயைத் திறக்கவில்லை. கைப்பையை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டு வந்தாள். முகம் பார்த்து அவரிடம் சொல்ல அவளுக்கு அந்தக் கிழமை முழுதும் முடியாமல் போயிருந்தது.

இந்த முறை டோரீன் கண்டிப்பாக இருந்தார். உறவினர் மொழிபெயர்க்கக்கூடாது என்று சொல்லி, மேசையில் இருந்த போனின் ஸ்பீக்கரைப் போட்டார். எங்கேயோ இருந்து ஒரு பெண்ணின் தெளிவான தமிழ்க் குரல் வந்தது. எல்லோரும் சொல்வதை உள்ளது உள்ளபடி, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் தான் மொழிபெயர்ப்பதாகச் சொன்னது.

"இந்தக் காசு யாருடையது?" என்று டோரீன் கேட்டார்.

அக்கா அத்தானைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக் குனிந்தாள். "பிள்ளை, அவவிட்டச் சொல்லுங்கோ, அது என்ர காசு. கேக் பக்ரரியில உழைச்சது. தம்பியிட்ட ஒளிச்சு வைச்சனான்."

குரல் அதை ஆங்கிலத்தில் சொன்னது. அத்தான் இரண்டு மொழியிலும் கேட்டார். முதல் மொழியில் அவருக்கு விளங்கவில்லை. இரண்டாவது மொழியில் விளங்கிவிட்டது.

"என்ன? ஆரிட்ட இருந்து ஒளிச்சு?"

"யாரிடமிருந்து ஒளித்து வைத்தீர்கள்?" என்று குரல் அதையும் ஆங்கிலத்தில் சொன்னது. டோரீன் அது தான் கேட்க நினைத்த கேள்விதான் என்பதுபோலத் தலையாட்டினார்.

"என்ர மனிசனிட்ட இருந்து. ஆர் கேட்டாலும் குடுத்திடுவார். ரெண்டுதரம் வீட்டுக் காசு போச்சு. அவர் நல்ல மனிசன் பிள்ளை. அதுதான் பிரச்சினை."

"மை ஹஸ்பண்ட் இஸ் எ குட் மான். தற் இஸ் த பிராப்ளம்."

"ஏன் எனக்கு முகத்துக்கு நேர சொல்லேல்லை?" அத்தானுடைய குரல் உடைந்தது. "நான் என்ன கள்ளனே?"

குரல் அதையும் விடவில்லை. கள்ளன் என்ற சொல் ஆங்கிலத்தில் வந்தபோது டோரீன் நிமிர்ந்து பார்த்தார். நான் அவசரமாக, "நோ நோ, குட் மான்" என்றேன். "வாயை மூடடா" என்றாள் அக்கா. அதுவும் மொழிபெயர்க்கப்பட்டது.

அத்தான் தன் கார்ச் சாவியை மேசையில் வைத்தார். பிறகு அவரும் போன் பக்கம் குனிந்தார்.

"தங்கச்சி, அவவிட்டச் சொல்லுங்கோ. அஜக்ஸில வீட்டை வாங்கச் சொல்லுங்கோ. என்ர பேர் போடத் தேவையில்லை."

"சேர்," என்றார் டோரீன், "உங்கள் மனைவி பக்கத்தில்தான் இருக்கிறார்."

"ஐ நோ. ப்ளீஸ். ரெலிபோன்."

குரல் சொல்லி முடித்ததும் அக்கா மூக்கை உறிஞ்சினாள். "அவற்ர பேர் இல்லாத வீடு எனக்கு வேண்டாமெண்டு சொல்லுங்கோ. செக்கில ரெண்டு கையெழுத்து வேணும். அவ்வளவுதான்."

குரல் அதைச் சொன்னது. அதிலும் கொஞ்சம் தடுமாற்றம் இருந்ததுபோல எனக்குப் பட்டது. டோரீன் டிஷ்யூப் பெட்டியை நடுவே தள்ளினார். அக்கா ஒன்று எடுத்தாள், அத்தான் ஒன்று எடுத்தார், டோரீனும் ஒன்று எடுத்தார். கொஞ்சம் பொறுத்து, அந்தக் குரல் மிகவும் மரியாதையாக, முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் கேட்டது:

"வெல்ஃபெயர் விண்ணப்பம் சம்பந்தமாக வேறு ஏதாவது உண்டா?"

இருந்தது. நான் இருந்தேன். எல்லோரும் என்னை மறந்திருந்தார்கள்.

அக்கா தன் சம்பளத் துண்டுகளையும், அவளுடைய கணக்கிலிருந்து மாதம் மாதம் என் கணக்குக்குக் காசு போனதைக் காட்டும் கடதாசிகளையும் கைப்பையிலிருந்து எடுத்து வைத்தாள். டோரீன் அவற்றைத் தன் மேலதிகாரிக்கு அனுப்பினார். காசு அக்காவின் பெயருக்கு மாறிய பிறகு, நீண்ட இழுபறிக்குப் பின் என் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள். அதற்குள் ரெக்ஸ்டேல் அறை போய்விட்டது. அக்கா வீட்டு சோபாவில் படுத்தேன். தோள் ஓரளவு சுகமானது, திரும்பவும் வேலைக்குப் போனேன், திரும்பவும் விட்டேன். யோகனுடைய இஞ்சினை வேறு யாரோ திருத்திக் கொடுத்தார்கள்.

அஜக்ஸ் வீடு சிறியது. இரண்டு பெயரும் பத்திரத்தில் இருக்கின்றன. அத்தானிடம் இப்போதும் ஆட்கள் கடன் கேட்கிறார்கள். "எனக்கு ஓம்தான் அண்ணை, மற்றக் கையெழுத்து உள்ள நிக்குது" என்கிறார். கேட்டவர் ஜன்னலால் அக்காவைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். என்னிடமோ, கலியாண வீட்டில் அன்பளிப்பு என்வலப்பைக்கூட ஒரு நிமிடம் பிடிக்கத் தருவதில்லை. வயிற்றில் கட்டிவிடுவேனாம்.

ஆனால் அந்தக் குரல்தான் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. போன கிழமையும் அங்கே போயிருந்தேன். அக்காவும் அத்தானும் குசினிக்குள் நின்று காராஜ் கதவை யார் திறந்து விட்டது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். முகத்துக்கு முகம் பார்க்கவில்லை, இருவரும் சுவரோடு கதைத்தார்கள். அவர்களுடைய மகள் சாரு, இங்கே பிறந்தவள், கரண்டி ஒன்றை எடுத்து ஸ்பீக்கர் போன்போல மேசையில் வைத்தாள்.

"ஹலோ, தமிழ் இன்ரர்பிரட்டர் ஹியர். கோ அஹெட்."

அக்கா கரண்டியைப் பார்த்தாள். "உந்த மனிசனிட்டச் சொல்லுங்கோ, இனிக் கதவைப் பூட்டாட்டி வெளியிலதான் படுக்கவேணும்."

"இஃப் யூ டோன்ட் லொக் இற், யூ ஸ்லீப் அவுட்சைட்."

அத்தானும் கரண்டி பக்கம் குனிந்தார். "அவவிட்டச் சொல்லுங்கோ தங்கச்சி, பூட்டுறன். முதல் சோத்தைப் போடச் சொல்லுங்கோ."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாரு சிரிக்கவில்லை. குரலை இன்னும் மரியாதையாக்கிக் கேட்டாள்:

"வெல்ஃபெயர் அப்ளிகேஷன் சம்பந்தமா எனிதிங் எல்ஸ்?"

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில், சோற்றுக் கோப்பையைப் பிடித்தபடி, விண்ணப்பம் நின்றுகொண்டிருந்தது.